மூன்றரைக் கோடியும் மூன்றரை ஓக்குவும்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், ஜப்பானிய முதலீட்டாளர்கள் முன்னால் நம் ஊர் ஸ்டார்ட்அப்காரர்கள் பேசும் கூட்டங்களில் இன்டர்ப்ரெட்டராக உட்காரும் என் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்குக் கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவே நின்று பேச ஆரம்பித்தவள் நான். 22 வருடம் ஆகிறது. முதலீட்டுக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கி 9 வருடம். கடிதங்களில் அடிக்கடி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

மேடம், எங்கள் டீமில் எல்லோருக்கும் ஆங்கிலம் நன்றாக வரும். டோக்கியோவிலிருந்து வருகிறவர்களும் "ஆங்கிலத்தில் பேசலாம்" என்று மெயில் போட்டிருக்கிறார்கள். அப்புறம் எதற்கு இன்டர்ப்ரெட்டர் செலவு?
– மின்வாகன ஸ்டார்ட்அப் நடத்தும் வாசகர், ஓசூர்

நீங்கள் பேசும் பத்து நிமிடத்தை அவர்கள் புரிந்துகொள்வார்கள். ஸ்லைடு திரையில் இருக்கிறது, எழுத்தில் இருக்கும் ஆங்கிலம் அவர்களுக்குச் சிரமமில்லை. கேள்வி நேரத்தில்தான் விஷயம் மாறும். மனதில் ஏழு கேள்வி இருக்கும். ஆங்கிலத்தில் கேட்கச் சுலபமான இரண்டை மட்டும் கேட்டுவிட்டு, "தேங்க் யூ, வெரி இன்ட்ரஸ்டிங்" என்று எழுந்துவிடுவார்கள். மிச்சம் ஐந்து கேள்வி, அதாவது உங்கள் பேட்டரி சூடாவதைப் பற்றியும், தொழில் கூட்டாளி ஒருவர் போன வருடம் விலகியதைப் பற்றியும் இருந்தவை, அப்படியே டோக்கியோவுக்குத் திரும்பிப் போய்விடும். பதில் கிடைக்காத கேள்வியோடு யாரும் பணம் போட மாட்டார்கள். நான் பார்த்தவரை, இன்டர்ப்ரெட்டரால் அதிகப் பலன் கிடைப்பது அவர்கள் வாய் திறக்கும்போதுதான்.

இன்னொன்று, ஜப்பானியர்கள் பேசும் ஆங்கிலச் சொல் எல்லாம் நம் ஆங்கிலச் சொல் இல்லை. ஜப்பானில் 'குரேமு' என்றால் புகார். நம் காப்பீட்டு ஸ்டார்ட்அப்காரர் "எங்களுக்கு மாதம் ஆயிரம் கிளெய்ம் வருகிறது" என்று பெருமையாகச் சொன்னால், எதிரே இருப்பவர் மாதம் ஆயிரம் புகார் என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. 'சாபிசு' என்று கடைக்காரர் சொன்னால் பெரும்பாலும் இலவசமாகத் தருகிறார் என்று அர்த்தம். உங்கள் துறையிலேயே ஒன்று: வண்டியில் சக்கரத்தைச் சுழற்றும் டிராக்‌ஷன் மோட்டார் இருக்கிறது, சந்தையில் கிடைக்கும் வரவேற்பையும் 'டிராக்‌ஷன்' என்கிறீர்கள். "எங்களுக்கு டிராக்‌ஷன் நன்றாக இருக்கிறது" என்றதும் எதிரே இருந்த பொறியாளர் மோட்டாரின் முறுக்குவிசை எவ்வளவு என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்டர்ப்ரெட்டர் எங்கள் பிட்ச் டெக்கையும் (முதலீட்டாளருக்குக் காட்டும் ஸ்லைடுகள்) கணக்கு விவரங்களையும் மூன்று நாள் முன்பே கேட்கிறார். ரகசியம் வெளியே போய்விடாதா? அன்றைக்கு வந்து பேசுவதை மாற்றிச் சொன்னால் போதாதா?
– வாசகர், கோவை

ரகசியத்துக்கு வழி இருக்கிறது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்புங்கள். தொழில்முறை ஆள் தயங்காமல் போடுவார். தயங்கினால் அவரை வைக்காதீர்கள்.

எதற்கு முன்கூட்டியே வேண்டும் என்பதற்கு என் தவறு ஒன்றையே சொல்கிறேன். முதலீட்டுக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்த முதல் வருடம். டெக் எனக்கு முன்பே வரவில்லை, நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. நிறுவனர் "எங்கள் ஆண்டு வருமானம் மூன்றரைக் கோடி" என்றார். நான் ஜப்பானியத்தில் மூன்றரை 'ஓக்கு' என்று சொல்லிவிட்டேன்.

நமக்கு ஆயிரத்துக்கு அப்புறம் லட்சம், கோடி. அவர்களுக்குப் பத்தாயிரம்தான் அடுத்த படி, அதற்கு 'மன்' என்று பெயர். பத்தாயிரம் மன் சேர்ந்தால் ஒரு 'ஓக்கு'. நம் கணக்கில் ஒரு லட்சம் 10 மன், ஒரு கோடி 1,000 மன், ஒரு ஓக்கு 10 கோடி. மூன்றரைக் கோடியை 3,500 மன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது 35 கோடி. கோடிதான் நமக்குப் பெரிய எண், ஓக்குதான் அவர்களுக்குப் பெரிய எண், அதனால் வாய் தானாக ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்துவிடுகிறது. எதிரே இருந்தவர் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுத் திரையைப் பார்த்தார், மறுபடி தன் நோட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. உடனே "இன்டர்ப்ரெட்டர் பேசுகிறேன், நான் சொன்ன எண் தவறு, என் பிழை" என்று சொல்லித் திருத்தினேன், நிறுவனரிடமும் தமிழில் சொன்னேன். எதிரே இருந்தவர் மட்டும் திரையைப் பார்க்காமல் இருந்திருந்தால்? ஆறு மாதம் கழித்துக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்து, அந்தப் பையன் பத்து மடங்கு பொய் சொன்னான் என்று முடிவு கட்டியிருப்பார்கள். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு, எண்கள் எல்லாவற்றையும் முந்தின நாளே மன், ஓக்குவில் மாற்றி எழுதிக்கொள்ளாமல் நான் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை.

நிதியாண்டும் அப்படித்தான். நமக்கும் ஏப்ரல் முதல் மார்ச் வரை, அவர்களுக்கும் அரசாங்கக் கணக்கும் பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கும் ஏப்ரல் முதல் மார்ச் வரைதான். ஒன்றுதானே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் 2024 ஏப்ரலில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிகிற ஆண்டை நாம் முடிகிற வருடத்தை வைத்து நிதியாண்டு 25 என்கிறோம். அவர்கள் தொடங்குகிற வருடத்தை வைத்து 2024-ஆம் ஆண்டு என்கிறார்கள். ஸ்லைடில் '25' என்று மட்டும் போட்டால் உங்கள் வளர்ச்சிக் கணக்கு முழுக்க ஒரு வருடம் தள்ளிப் போய்விடும். மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம் நிறுவனத்தின் மதிப்பீடு. "20 கோடி மதிப்பீட்டில் 5 கோடி கேட்கிறோம்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறீர்கள். அந்த 20 கோடி பணம் வருவதற்கு முந்தையதா, வந்த பிறகா? முந்தையது என்றால் பணம் சேர்ந்ததும் நிறுவனம் 25 கோடி, முதலீட்டாளருக்கு 20 சதவீதம். பிந்தையது என்றால் அவருக்கு 25 சதவீதம். நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் ஊகித்துச் சொல்லக் கூடாது. நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கும், பேச்சின் ஓட்டம் போய்விடும். முந்தின நாளே கேட்டுவிட்டால் ஒரு நிமிட வேலை.

30 நிமிடக் கூட்டம். 14 ஸ்லைடில் 8-ஐக்கூட முடிக்க முடியவில்லை. இன்டர்ப்ரெட்டர் மெதுவாகப் பேசியதால்தானா?
– வாசகி, சேலம்

இல்லை அம்மா, கணக்கு அப்படி. நீங்கள் பேசி முடித்த பிறகு அவர் சொல்வது தொடர்முறை. 10 நிமிடப் பேச்சுக்கு 20 நிமிடம் போய்விடும். 30 நிமிடம் கொடுத்தார்கள் என்றால் அறிமுகம், கேள்வி நேரம் போக உங்கள் சொந்தக் குரலுக்கு 8 நிமிடம்தான் என்று வைத்துக்கொண்டு தயார் செய்யுங்கள். ஏழு ஸ்லைடு போதும்.

நீங்கள் பேசும்போதே காதுக்கருவி வழியாக மாற்றிச் சொல்வது உடன்நிகழ் முறை. 1945-இல் நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பர்க் விசாரணையில் நான்கு மொழிகளில் அப்படிச் செய்து காட்டிய பிறகுதான் அது பரவலாயிற்று. அதில் நேரம் மிச்சமாகும். ஆனால் இரண்டு பேர் வேண்டும். 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வோம், அதற்கு மேல் ஒருவரே பேசினால் மூளை தடுமாறும். சின்னக் கூட்டத்துக்குத் தொடர்முறையே நல்லது என்பேன். நான் மாற்றிச் சொல்லும் நேரத்தில் நீங்கள் அவர்கள் முகத்தைப் பார்க்கலாம், அடுத்து எதைச் சொல்வது என்று யோசிக்கலாம். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள். நம் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. அது வராமல் "செய்தோமா, செய்யவில்லையா" என்று எனக்கே தெரியாது.

அக்கா, நான் டிப்ளமோ படித்தவன். மெஷின் எனக்குக் கைவந்த வேலை, ஆங்கிலம் சரியாக வராது. மேடையில் ஆங்கிலத்தில் பேச முயற்சி செய்து இரண்டு முறை திக்கிப் போய் இறங்கிவிட்டேன். தமிழிலேயே பிட்ச் செய்யலாமா? மதிப்பார்களா?
– வாசகர், தூத்துக்குடி

தம்பி, செய்யலாம். செய்யுங்கள். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் இந்த மாதம் முக்கியமாக உட்கார்ந்தேன்.

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். இறால் குளத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்து, குறைந்தால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைத் தானாக ஓட விடும் கருவி செய்கிறார். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். 'ரியல் டைம் மானிட்டரிங் சொல்யூஷன்' என்று ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டார். கை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. "தமிழில் சொல்லுங்கள், நான் இருக்கிறேன்" என்றேன். ஜப்பானியர்களிடமும் அதைச் சொல்லி ஒப்புதல் வாங்கினேன்.

அவர் சொன்னார்: "விடியக்காலம் மூணு மணிக்குத்தாங்க குளத்துல ஆக்சிஜன் ரொம்ப இறங்கும். இறால் எல்லாம் மேல வந்து ஓரமா ஒதுங்கும். அந்த நேரத்துல எழுந்து ஏரேட்டர் போடலைன்னா, விடிஞ்சு பார்க்கறப்ப நாலு மாச உழைப்பு செத்து மிதக்கும். எங்க அப்பா பதினஞ்சு வருஷம் ராத்திரி முழுசா தூங்கினதே இல்லை."

இதை ஜப்பானியத்தில் சொல்ல எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. நம் வாக்கியத்தின் வரிசையும் அவர்கள் வரிசையும் ஏறக்குறைய ஒன்று. "நான் சென்னையில் மீனை வாங்கினேன்" என்பது "வதாஷி வா சென்னை தே சகானா ஓ கைமாஷிதா". நம் 'இல்' இருக்கும் இடத்தில் 'தே', நம் 'ஐ' இருக்கும் இடத்தில் 'ஓ', வினை கடைசியில். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், வேலை செய்கிறவளாகச் சொல்கிறேன்: தமிழிலிருந்து நேராக ஜப்பானியத்துக்குப் போவது, ஆங்கிலத்தில் இறங்கி ஏறிப் போவதைவிட எனக்கு எளிது. நடுவில் ஆங்கிலம் வந்தால் வாக்கியத்தை இரண்டு தடவை தலைகீழாகத் திருப்ப வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு எதிர்ப்பக்கம் இருந்த வயதானவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இப்போது உங்கள் அப்பா தூங்குகிறாரா?" அதற்கு அடுத்த கேள்விகள் ஒன்றரை மணி நேரம் போயின. உப்புத்தண்ணீரில் சென்சார் எத்தனை மாதம் தாங்கும், மின்சாரம் போனால் என்ன செய்யும் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அவரும் தமிழில் ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். பணம் போட்டார்களா என்பதை நான் சொல்லக் கூடாது.

உங்களுக்கு ஒரே ஒரு வேலை. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் நேராக மாற்றத் தெரிந்தவரைத் தேடுங்கள். ஆங்கிலம்-ஜப்பானியம் மட்டும் செய்பவர்கள் அதிகம், தமிழிலிருந்து நேராகச் செய்பவர்கள் குறைவு. குறைவுதான், ஆனால் இருக்கிறோம். ஸ்லைடில் எழுத்து ஜப்பானியத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும், வாய் தமிழில் பேசட்டும்.

கூட்டம் முடிந்ததும் "கென்தோ ஷிமாஸ், பரிசீலிக்கிறோம்" என்றார்கள். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. கூட்டம் முழுக்க "ஹாய், ஹாய்" என்று தலையாட்டினார்களே! இன்டர்ப்ரெட்டர் தவறாகச் சொல்லிவிட்டாரா?
– வாசகர், சென்னை

அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 'ஹாய்' என்பதற்கு அகராதியில் 'ஆம்' என்று இருக்கும். ஆனால் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போது சொல்லும் 'ஹாய்', நம் பாட்டி கதை சொல்லும்போது நாம் உம் கொட்டினோமே, அதுதான். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள், அவ்வளவே. ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

'கென்தோ ஷிமாஸ்' இரண்டுக்கும் வரும். உண்மையாகவே அலுவலகத்துக்கு எடுத்துப் போய்ப் பேசப்போகிறார்கள் என்பதற்கும் வரும், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மனமில்லாததற்கும் வரும். "கல்யாணத் தேதி பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம்" என்று பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்வதைப் போல. "சற்றுக் கடினம்" என்று இழுத்தால் மட்டும் அது பெரும்பாலும் இல்லை என்பதுதான். கூட்டத்தின் நடுவில் இதற்கு விளக்கம் சொல்வது இன்டர்ப்ரெட்டரின் வேலை இல்லை என்று நான் உறுதியாக இருக்கிறேன். 'பரிசீலிக்கிறோம்' என்றால் 'பரிசீலிக்கிறோம்' என்றுதான் சொல்வேன். 'மறுக்கிறார்கள்' என்று நானாக மாற்றிச் சொன்னால், ஒருநாள் அது உண்மையான பரிசீலனையாக இருந்து உங்கள் வாய்ப்பை நான் கெடுத்தவளாகிவிடுவேன். வெளியே வந்த பிறகு நீங்கள் கேட்டால், என்ன சொல் பயன்படுத்தினார்கள், அது எங்கெல்லாம் வரும் என்று சொல்வேன். முடிவை நீங்கள் செய்யுங்கள்.

வந்தவர்கள் ஒரு பெரிய கம்பெனியின் முதலீட்டுப் பிரிவு என்றால் இரண்டு மாதம் தாமதமே இல்லை. அங்கே 'ரிங்கி' என்றொரு முறை இருக்கிறது. கீழே இருப்பவர் ஒரு குறிப்பு எழுத, அது ஒவ்வொரு மேசையாக ஏறி ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொண்டு போகும். அதற்கு முன்னாலேயே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிச் சம்மதிக்க வைக்கும் வேலைக்கு 'நெமவாஷி' என்று பெயர். மரத்தைப் பெயர்த்து நடுவதற்கு முன் வேரைச் சுற்றிப் பக்குவம் செய்வதைக் குறிக்கும் சொல். உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்தக் குறிப்பை எழுத வேண்டியவர். அவருக்கு உதவியாக ஜப்பானியத்தில் ஒரே ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பி வையுங்கள், எண்கள் மன், ஓக்குவில் இருக்கட்டும். பதில் வந்ததா என்று வாரம் இரண்டு மெயில் போடுவதைவிட அது பலன் தரும்.

நல்ல இன்டர்ப்ரெட்டரின் ஒருநாள் கட்டணம் எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்துக்கு அதிகம். பணம் வந்தால் அதில் ஒரு சதவீதம் தருகிறோம் என்று சொல்லலாமா?
– வாசகர், மதுரை

சொல்லாதீர்கள். நான் ஏற்க மாட்டேன், ஏற்கிறவரை நீங்களும் நம்பாதீர்கள்.

நம் ஊரில் இந்த வேலைக்குப் பழைய பெயர் துபாஷி, இரண்டு மொழி தெரிந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பு 1736-இல் தொடங்குகிறது. சென்னையில் பச்சையப்ப முதலியார் துபாஷி. அவர்கள் மொழியையும் மாற்றினார்கள், வியாபாரத்தையும் முடித்துக் கொடுத்தார்கள். சரக்கு, கடன், தரகு எல்லாம் ஒரே கையில். அந்தக் காலத்து நடைமுறை அது. இன்றைக்கு இந்தத் தொழில் நிற்பதே தரகிலிருந்து பிரிந்து வந்ததால்தான். உங்கள் ஒப்பந்தம் முடிந்தால் எனக்கு 5 லட்சம் என்று இருந்தால், எதிரே இருப்பவர் கடுமையாகக் கேட்ட கேள்வியை நான் கொஞ்சம் மென்மையாக்கிச் சொல்லத் தோன்றும். நீங்கள் திணறியதை நான் நிரப்பிச் சொல்லத் தோன்றும். அது தெரிந்தால் எதிர்ப்பக்கம் ஒரு சொல்லையும் நம்பாது, அதில் நியாயமும் இருக்கிறது.

பணம் குறைவு என்றால் நாள் கணக்கில் வைக்காமல் அரைநாள் கேளுங்கள். அறிமுகக் கூட்டத்தை ஆங்கிலத்தில் முடித்துக்கொண்டு, கேள்விகள் வரும் இரண்டாவது கூட்டத்துக்கு மட்டும் ஆள் வையுங்கள். டோக்கியோ நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அவர்களுக்குக் காலை 10 மணி என்றால் இங்கே 6.30. வீடியோ அழைப்பு என்றால் போக்குவரத்துச் செலவும் இல்லை.

மொழிபெயர்ப்பு ஆப் வைத்து ஒப்பேற்றிவிடலாமா?
– வாசகர், திருச்சி

விமான நிலையத்திலிருந்து கூட்டிவர, சாப்பாட்டுக் கடையில் பேச, மெயிலின் சாரம் தெரிந்துகொள்ள, தாராளமாக. நானே பயன்படுத்துகிறேன். 5 கோடி கைமாறப் போகும் அறையில் வேண்டாம். ஜப்பானியர் பெரும்பாலும் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவார். "முடிவு செய்த பிறகு தெரிவிக்க வேண்டும்" என்றால் யார் முடிவு செய்வது, யார் தெரிவிப்பது? நான் நிறுத்தி அவரிடமே கேட்பேன். ஆப் ஏதோ ஒரு ஆளைப் போட்டு வாக்கியத்தை முடித்துவிடும்.

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்3 நிலை முடித்திருக்கிறேன். இந்த வேலைக்கு வர என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, வேலூர்

நல்ல தொடக்கம் கண்ணு. அடுத்த நிலைகளான என்2, என்1 எழுதுங்கள், ஜூலையிலும் டிசம்பரிலும் தேர்வு இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வில் வாய் திறந்து பேசும் பகுதியே கிடையாது. என்1 வாங்கியவர் அறைக்குள் வந்து ஊமையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையில் இரண்டு வருடம் நில்லுங்கள் என்பதுதான் என் யோசனை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாய்ப்பு உண்டு. ஷிஃப்ட் மாறும் சத்தத்தில் மேஸ்திரி சொல்வதை ஒரே மூச்சில் ஜப்பானியத்தில் சொல்லப் பழகிவிட்டால், குளிரூட்டிய அறையில் முதலீட்டாளர் சொல்வது பெரிய விஷயமில்லை.

குறிப்பெடுக்கப் பழகுங்கள். மேலே சுருள் கம்பி போட்ட சின்ன நோட்டு, தாளின் நடுவே ஒரு கோடு. சொற்களை எழுதாதீர்கள், யார் யாருக்கு என்ன செய்தார் என்பதற்கு அம்புக்குறி, எண்ணை மட்டும் முழுதாக. அப்புறம் தமிழ் படியுங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஜப்பானியத்தில் வந்ததை வைக்கத் தமிழில் இடம் வேண்டும் அல்லவா?

இன்டர்ப்ரெட்டர் எங்கே உட்கார வேண்டும்? நாங்கள் யாரைப் பார்த்துப் பேச வேண்டும்?
– வாசகர், ஈரோடு

உங்கள் பக்கத்தில், அரை அடி பின்தள்ளி. பேசும்போது என்னைப் பார்க்காதீர்கள், "அவரிடம் இதைச் சொல்லுங்கள் மேடம்" என்றும் சொல்லாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்து நேராக அவரிடம் பேசுங்கள். நீங்கள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் மாற்றிச் சொல்வேன். மேசையில் எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் இருந்தால் போதும். கூட்டம் மதியச் சாப்பாட்டோடு சேர்ந்தது என்றால் இன்டர்ப்ரெட்டரை அரைமணி நேரம் முன்னால் வரச்சொல்லிச் சாப்பிட வைத்துவிடுங்கள். பந்தியில் எல்லோர் பேச்சையும் மாற்றிச் சொல்கிறவர் இலையில் கை வைக்க முடியாது.